பழைய கவுன்சிலர் மறுபடி மனுக் கொடுத்தபோது

ஒருமுறை கவுன்சிலராக இருந்தவர் மறுபடி நிற்பது சுலபம் என்று ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். ஓட்டுக் கேட்கிற விஷயத்தில் அது ஓரளவு உண்மை. மனுத் தாக்கலில் துளியும் உண்மை இல்லை. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் நகராட்சியில் சுயேச்சையாக மறுபடி நின்று ஜெயித்தேன். ஆனால் வாக்காளர் முன்னால் போய் நிற்பதற்குள், அலுவலக மேசையிலேயே என் மனு செத்துப் போகப் பார்த்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடுத்த முறை நிற்க நினைக்கிற பெண்கள், அதுவும் கட்சி பலம் இல்லாதவர்கள், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு முன்கதை. 2011 அக்டோபரில் ஜெயித்த எங்கள் மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போதே நான் மறுபடி நிற்க மனுக் கொடுத்திருந்தேன். மனுத் தாக்கல் முடிந்த மறுநாள், அக்டோபர் 4ஆம் தேதி, பழங்குடியினர் இடஒதுக்கீடு சம்பந்தமான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பையே ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகு 2022 மார்ச் வரை தனி அலுவலர் ஆட்சிதான். ஐந்து வருஷத்துக்கு மேல் ஊருக்குக் கவுன்சிலரே கிடையாது. ஆனாலும் தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் சாக்கடைத் தண்ணீர் வருகிறது என்று ஜனங்கள் என் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். பதவி இல்லை, கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை, மனு எழுதித் தரத்தான் முடிந்தது. மறுபடி நிற்க வேண்டும் என்கிற பிடிவாதம் எனக்கு அந்த வருஷங்களில்தான் வந்தது.

2022 ஜனவரி 26 மாலை தேர்தல் அறிவிப்பு வந்தது. 28ஆம் தேதி மனுத் தாக்கல் ஆரம்பம், பிப்ரவரி 4 கடைசி நாள். நடுவில் ஒரு ஞாயிறு. தைரியமாகச் சொல்கிறேன், இந்த இடைவெளி கட்சிக்காரர்களுக்குப் போதும், சுயேச்சைக்குப் போதாது. அவர்களுக்குப் படிவம் நிரப்ப வக்கீல் இருக்கிறார், சான்று வாங்க ஆள் இருக்கிறது. நமக்கு நாமேதான்.

படிவம் வாங்கினேன், உறுதிமொழியில் நோட்டரி கையெழுத்து வாங்கினேன். அதிலெல்லாம் சிக்கல் இல்லை. உறுதிமொழியில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு என்று எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதுங்கள். கோடு போட்டு விடுவதுகூட வேண்டாம்.

சிக்கல் 'நோ டியூ' சான்றில், அதாவது நகராட்சிக்குப் பாக்கி எதுவும் இல்லை என்கிற சான்றில், வந்தது. நகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருப்பவர் உறுப்பினராக முடியாது என்பது சட்டம். அது நல்ல சட்டம்தான், அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டையும் அரையாண்டு தவறாமல் கட்டி, ரசீதைக் கோப்பில் போட்டு வைப்பவள் நான். சான்று கேட்டுப் போன இடத்தில் அந்த எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க கதவு எண்ணுல பாக்கி காட்டுதே" என்றார். பார்த்தால், என் மாமனார் பெயரில் இன்னொரு வரிவிதிப்பு எண். அதே வீடு, பழைய கதவு எண். 2018இல் சொத்து வரிச் சீராய்வு நடந்தபோது யாரோ பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தனித்தனி வீடாக ஏற்றிவிட்டார்கள். ஒன்றுக்கு நாங்கள் கட்டிக்கொண்டே வந்திருக்கிறோம். இன்னொன்றுக்கு நோட்டீஸ்கூட வராமல் பாக்கி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மாமனார் இறந்தே பல வருஷம்.

"இது இரட்டை வரிவிதிப்புங்க, ஒரே வீடு" என்றேன். "சிஸ்டத்துல காட்டுது மேடம், நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "சார் வரலையா? சாரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார். ஐந்து வருஷம் அந்த மன்றத்தில் உட்கார்ந்து வரவுசெலவைக் கேள்வி கேட்டவள் எதிரில் நிற்கிறேன், அவருக்கு என் வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமாம். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு எரிகிறது. நகராட்சி, மாநகராட்சி வார்டுகளில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் வந்த பிறகும், பல மேசைகளில் கவுன்சிலர் என்றால் கவுன்சிலருடைய கணவர் என்றே நினைக்கிறார்கள். "நிற்கிறது நான், பேசுறதும் நான்தான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி தேர்தல் பயிற்சிக்குப் போயிருந்தார். மறுபடி போனபோது தை அமாவாசைக் கூட்டம். நல்ல நாள் என்று மனுக் கொடுக்க வந்தவர்கள், பாக்கியைக் கட்ட வந்தவர்கள் என்று வரி வசூல் மையத்தில் கால் வைக்க இடமில்லை. அதிகாரியைப் பார்க்கவே முடியவில்லை.

கடைசியில் என்னைக் காப்பாற்றியவை இரண்டு தாள்கள். ஒன்று, 2016இல் மனுக் கொடுக்கும்போது இதே அலுவலகம் எனக்குத் தந்த நிலுவையில்லாச் சான்றின் நகல். அதில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு வரிவிதிப்பு எண்தான் இருந்தது. இன்னொன்று, நான் எழுதிக் கொடுத்த ஆட்சேபணை மனு. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி என்று எழுதி வைக்கிற பழைய கேட்புப் பதிவேட்டைப் பார்க்கும்படி கேட்டு, தபால் பிரிவில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டேன். மேலதிகாரி பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். தப்பு பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஒரு வரிவிதிப்பு எண்ணை நீக்க முறை இருக்கிறது, அது நாலாம் தேதிக்குள் முடியாது என்றார். அதனால் ஆட்சேபணையோடு கட்டுகிறேன் என்று கடிதத்தில் குறிப்பிட்டு அந்தப் பணத்தைக் கட்டினேன். கட்டவேண்டிய பணமே இல்லை அது. வயிறு எரிந்தது, கட்டினேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் சான்று கைக்கு வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் முன்னாலேயே உங்கள் பெயரில் மட்டுமல்ல, மாமனார், மாமியார், அப்பா பெயரில், பழைய கதவு எண்ணில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். காலிமனை இருந்தால் அதன் வரியையும் பாருங்கள். தொழில் வரி உண்டென்றால் அதையும்.

அடுத்தது வார்டு. வார்டு எல்லைகளை மாற்றிப் போட்ட மறுவரையறையில் என் பழைய வார்டு மூன்றாக உடைந்து போயிருந்தது. மழைக்காலத்தில் முட்டியளவு தண்ணீர் நின்ற ஒரு தெருவுக்கு வடிகால் கொண்டுவர நான் மன்றத்தில் கத்தாத கூட்டம் இல்லை. அந்தத் தெரு இப்போது வேறு வார்டில். அந்த ஜனங்கள், "எங்களுக்கு உன் பேரு வராதாம்மா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக என் வார்டில் சேர்ந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் சொற்பம். "அஞ்சு வருஷம் கவுன்சிலரா இருந்தீங்களே, இந்தப் பக்கம் ஒருநாள் வந்தீங்களா?" என்று ஒரு அக்கா நேராகக் கேட்டார். அது அப்போது என் வார்டே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் யாருக்கும் ஏறாது. நான் சொல்லவில்லை. "இப்ப வந்திருக்கேன்க்கா, என்ன குறைன்னு சொல்லுங்க" என்று நோட்டை எடுத்தேன்.

நகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் வேட்பாளர் எந்த வார்டிலும் நிற்கலாம். ஆனால் முன்மொழிபவர் நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். 2011இல் எனக்கு முன்மொழிந்தவர் இப்போது வேறு வார்டுக்காரர். காலனியில் ஒரு தங்கை சம்மதித்திருந்தார். நாலாம் தேதி காலையில் அவர் வீட்டுக்கு யாரோ போய்ப் பேசியிருக்கிறார்கள். அவருக்கு நகராட்சியில் தற்காலிக வேலை பார்க்கும் தம்பி இருக்கிறான், அதைச் சொல்லியே மிரட்டியிருக்கிறார்கள். அழுதுகொண்டே போன் செய்தார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நல்லவேளை, இன்னொருவருடைய பாகம் எண், வரிசை எண்ணையும் பட்டியலில் பார்த்துக் குறித்து, அவரிடமும் பேசி வைத்திருந்தேன். முன்மொழிபவர் எப்போதும் இரண்டு பேர் கைவசம் இருக்கட்டும். யார் என்று வெளியில் சொல்லவே வேண்டாம்.

நாலாம் தேதி கூட்டத்தைச் சொல்லி முடியாது. பெரிய கட்சிகளின் பட்டியல் கடைசி நேரத்தில் வந்ததால் எல்லாரும் ஒன்றாக வந்து குவிந்தார்கள். ஐந்து மணிக்குள் வளாகத்துக்குள் இருந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். 2,000 ரூபாய் டெபாசிட் கட்டி, மனுவைக் கொடுத்து, ஒப்புகையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது இருட்டிவிட்டது.

மறுநாள் பரிசீலனை. முடிந்தது என்று நினைத்திருந்தேன். எதிர்த்து நின்றவர் தரப்பில் ஒருவர் எழுந்து, நோ டியூ சான்று வேறொரு பெண்ணுடையது என்றார். வாக்காளர் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். சான்றில் அலுவலகமே கணவர் இனிஷியலைப் போட்டுக் கொடுத்திருந்தது. கல்யாணமான பெண்களுக்கு இந்த இனிஷியல் தொல்லை ரேஷன் கார்டிலிருந்து வங்கிவரை தெரிந்ததுதான். ஆனால் இதை வைத்து ஒரு வேட்பாளரையே தள்ளப் பார்ப்பார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். 2011இல் தேர்தல் அலுவலர் தந்த வெற்றிச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். கூடவே ஆதார், வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது. கதவு எண் எல்லாவற்றிலும் ஒன்று. உதவித் தேர்தல் அலுவலர் நிதானமான மனுஷர். ஆளின் அடையாளத்தில் ஐயம் இல்லாதபோது இப்படிப்பட்ட சின்னக் குறைக்காக மனுவைத் தள்ள முடியாது என்று சொல்லி ஏற்றுக்கொண்டார். ஆட்சேபணை சொன்னவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பரிசீலனைக்கு நீங்களே போங்கள். எல்லா அசல் ஆவணங்களையும் கையில் கொண்டுபோங்கள். நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

7ஆம் தேதி வாபஸ் நேரம் முடிந்ததும் சின்னம் ஒதுக்கினார்கள். பழைய சின்னம் மறுபடி கிடைக்கும் என்று எண்ணி நோட்டீஸ் அடித்துவிடாதீர்கள். சுயேச்சைக்கு அப்படி உரிமை எதுவும் இல்லை, ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால் குலுக்கல்தான். எனக்குப் புதுச் சின்னம்தான் வந்தது. வாக்குப்பதிவு 19ஆம் தேதி. அதற்குள் ஒரு புதுச் சின்னத்தை வயதானவர்கள் மனசில் பதிய வைக்க வேண்டும். கொரோனா கட்டுப்பாட்டில் ஊர்வலமும் கிடையாது. கையில் அட்டையோடு வீடு வீடாகப் போனோம். அது ஒருவிதத்தில் எனக்கு நல்லதாகவே போயிற்று. பெரிய கூட்டம் கூட்டுகிற வசதி எனக்கு எப்படியும் இல்லை.

இன்னொரு குழப்பம் யாருமே முன்கூட்டிச் சொல்லாதது. 2011இல் சேர்மனுக்கு ஒரு ஓட்டு, கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு. 2022இல் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மக்களுக்கு ஒரே ஓட்டு. "ஏம்மா, சேர்மன் ஓட்டு எந்தப் பொட்டியில?" என்று கேட்காத பாட்டி இல்லை. அந்த ஒரே ஓட்டைக் கட்சிக்குப் போட்டால்தான் சேர்மன் வருவார் என்று வேறு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தெருவுக்குத் தெரு நின்று விளக்கினேன். கடைசி இரவில் காலனியில் பணமும் போயிற்று. பறக்கும் படைக்குப் போன் செய்தேன், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

22ஆம் தேதி எண்ணிக்கை. முப்பதுக்கும் குறைந்த ஓட்டில் ஜெயித்தேன். அந்த வித்தியாசத்தைத் தந்தது காலனி வாக்குச்சாவடி. நேருக்கு நேர் கேள்வி கேட்ட அந்த அக்கா வீட்டில் மட்டும் ஐந்து ஓட்டு.

மார்ச் 2இல் பதவிப்பிரமாணம், 4ஆம் தேதி தலைவர் தேர்தல். அந்த இரண்டு நாளும் சுயேச்சைகளுக்கு வந்த போன்களை இங்கே எழுதப் போவதில்லை.

கடைசியாக ஒன்று, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தகுதி நீக்கம் செய்யலாம். எங்களைப் போன்ற முதல்நிலை நகராட்சி வார்டுக்கு 2022இல் செலவு உச்சவரம்பு 34,000 ரூபாயாக இருந்தது. டீக்கடை, ஆட்டோ, நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் அன்றன்றே ரசீது வாங்கி நோட்டில் ஒட்டியிருந்தேன். கணக்கை வாங்கிக்கொண்ட ஊழியர், "வெச்சிட்டுப் போங்க மேடம், ஒப்புகை அப்புறம் தர்றோம்" என்றார். முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்காமல் நான் நகரவில்லை. நீங்களும் நகராதீர்கள்.

அந்த இரட்டை வரிவிதிப்பு எண்ணைப் பதவிக்கு வந்த பிறகு முறைப்படி நீக்க வைத்தேன். கட்டிய பணம் அடுத்த அரையாண்டுகளின் வரியில் கழிந்தது. எங்கள் வார்டில் இதே தவறு இருந்த மற்ற வீடுகளையும் பட்டியலெடுத்து மன்றத்தில் வைத்தேன். பாதி சரியாகிவிட்டது, மீதி மனுக்கள் நடந்துகொண்டிருக்கின்றன.