பின்கட்டு மரம்: செம்மரமா, வேங்கையா?

பள்ளிப்பட்டு, மார்ச் 9

கம்பியில் உரசிய கிளையைக் கரண்ட்டு ஆட்கள் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். வெட்டுவாயில் சிவப்பாகக் கசிந்ததுதான் தாமதம், "செம்மரம்டா இது!" என்று மச்சான் குதித்தார். நகரி, புத்தூர் பக்கம் கட்டை பிடிபட்ட சேதியைப் படித்துப் படித்து, இங்கே எந்தச் சிவப்பைப் பார்த்தாலும் லட்சக் கணக்குதான். எனக்கு வேறு கவலை. செம்மரமானால் கட்டையை வெளியே கொண்டுபோக வனத்துறை அனுமதி வேண்டும். வாங்கிய வீடு, மரம் வைத்தவரைக் கேட்க வழியில்லை. இலையும் உதிர்ந்து மொட்டையாக நிற்கிறது.

மார்ச் 10

பட்டையைப் பார்த்தேன். சாம்பல் நிறம், நெடுக்கில் மட்டும் வெடிப்பு, நகத்தால் நெம்பினால் செதில் செதிலாக வருகிறது. வளர்ந்த செம்மரத்தின் பட்டை நெடுக்கிலும் குறுக்கிலும் ஆழமாக வெடித்து, கட்டம் கட்டமாக முதலைத் தோல் போல இருக்கும், நிறம் கரும்பழுப்பு. ஆனால் நிறத்தை நம்பக்கூடாது. மழை பட்டு ஊறினால் எந்தப் பட்டையும் கறுக்கும். சங்கப் புலவர்களே 'கருங்கால் வேங்கை' என்றுதானே பாடினார்கள். வெடிப்பு போகிற போக்குதான் கணக்கு.

சரி, அந்தச் சிவப்புப் பால்? அது வேங்கைக்கும் உண்டு. இரண்டும் டெரோகார்பஸ் என்கிற ஒரே பேரினம். ஆனைக்குன்றிமணியையும் சிலர் செஞ்சந்தனம் என்பார்கள். அதன் காய் முறுக்கிக்கொண்டு சிவப்பு மணி காட்டும். இங்கே கீழே கிடப்பதோ வட்டக் காய், நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய சிறகு. ஆக, போட்டி இரண்டே பேருக்குள்.

மார்ச் 12

ஆசாரி வந்தார். கிளையின் நுனிப்பக்கம் முழுக்க வெளிறு, முற்றாத வெளிர் மரம். "இதைப் பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது சார், வைரம் பாஞ்ச இடம் வேணும்" என்று அடிப்பக்கமாக அறுத்தார். நடுவில் வைரம், அதாவது முற்றிய உள்மரம்: பொன்பழுப்பு, ஊடே கருவரிகள். செம்மர வைரம் கருஞ்சிவப்பாக இருக்கும், கொஞ்சம் ஊதா கலந்து. மச்சான் அறுவாயை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள்தான் ஒட்டியது.

அத்தை இந்த வழக்கில் சேரவேயில்லை. வடிந்து கறுத்த பாலைக் கொட்டாங்கச்சியில் சுரண்டிக்கொண்டு போனார், பேரனுக்குப் பொட்டு வைக்க.

மார்ச் 24

வைரத் துண்டு நிழலில் நன்றாகக் காய்ந்துவிட்டது. பச்சைக் கட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது வீண், ஈரமே அமுக்கிவிடும். வாளியில் போட்டேன், மிதந்தது. காய்ந்த செம்மர வைரம் மூழ்கும்.

சீவலைக் கண்ணாடி டம்ளரில் ஊறவைத்தால் தண்ணீர் தேநீர் நிறம். வெயிலில், பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பார்த்தால் ஓரத்தில் நீலம் மினுங்குகிறது. சர்க்கரை நோய்க்காரர்கள் வாங்கும் வேங்கை மர டம்ளரில் தெரிகிற அதே நீலம். அத்தை கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்: இதைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

"அப்போ ஒண்ணும் தேறாதா மாப்ள?" என்றார் மச்சான். ஏன் தேறாது? நிலைக்கும் சன்னலுக்கும் வேங்கையைத் தேடி அலைகிறார்கள். ஆனால் இது கிளை.

மே 3

தளிர் விரிந்துவிட்டது. ஒரு காம்பில் ஐந்து, ஆறு, ஏழு சிற்றிலைகள், நுனியில் சின்னப் பள்ளம். செம்மரத்தில் பெரும்பாலும் மூன்றுதான். வேங்கையேதான். ஆசாரி முக்காலிக்கு அளவு எடுத்துப் போயிருக்கிறார்.