சுட்டிக்கு வகிடு, பட்டத்துக்கு முடிச்சு

வாடகை நகைக்காரரிடம் "நெத்திச்சுட்டி ஒண்ணு வேணும்" என்று சொன்னால் எது வந்து சேரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். வகிட்டில் ஓடும் ஒற்றைச் சரம் வரலாம். நெற்றியைச் சுற்றிக் கட்டும் பட்டை வரலாம். பரதநாட்டியத் தலைசாமான் முழு செட்டாகவே வரலாம். பெரும்பாலும் மேடைக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதுதான் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அலங்கார வேலையில் இருப்பவர்கள் சுட்டி வேறு, பட்டம் வேறு என்று கறாராகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். இரண்டுக்கும் தலையைத் தயார் செய்யும் விதமே வேறு.

வேலைப்பாட்டைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. சிவப்புக் கெம்புக்கல், நடுவில் பச்சை, ஓரத்தில் முத்து, மாங்காய், அன்னம் எல்லாம் இரண்டிலும் உண்டு. எடையை எது தாங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். சுட்டி நெடுக்காகக் கிடப்பது: வகிட்டின் மேல் படுத்து, நெற்றியில் ஒரு பதக்கமாக முடியும். அதைத் தாங்குவது முடி. பட்டம் குறுக்காகப் போவது: நெற்றியின் மேல் விளிம்பில் தொடங்கி இரு காதுகளுக்கு மேலாகப் பின்னால் போய் முடிச்சில் நிற்கும். அதைத் தாங்குவது கயிறு. முடி இல்லாத குழந்தைக்கும் பட்டம் கட்டலாம். சுட்டி வைக்க முடியாது.

செய்முறையும் இதற்கேற்ப மாறுகிறது. சுட்டி சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து வளையத்தால் கோத்தது. மண்டையின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு துண்டும் தனியாக மடங்க வேண்டும். பட்டம் ஒரே தகடாகவோ, கீல் வைத்த மூன்று அல்லது ஐந்து துண்டுகளாகவோ இருக்கும். இரு நுனியிலும் கயிறு கோக்கக் காது இருக்கும். தகட்டை முன்கூட்டியே வளைத்திருக்க வேண்டும். தட்டையான தகட்டைக் கயிற்றால் இழுத்து வளைக்கப் பார்த்தால் நுனிகள் காதோரப் பொட்டில் குத்தும், நடுப்பகுதி நெற்றியை விட்டு எழும்பி நிற்கும். பெண்களின் தலைச்சுற்றளவு பொதுவாக 21, 22 அங்குலம். அதில் பாதி, 10 அல்லது 11 அங்குலம், நகை; மீதி கயிறு. ஒவ்வொரு பக்கமும் ஒரு முழம் கயிறு விட்டால் முடிச்சுப் போடத் தாராளமாக இருக்கும். அது பருத்திக் கயிறாக இருக்கட்டும். நைலான் கயிறு பார்க்க மெல்லிசாக இருக்கும், ஆனால் வியர்வை பட்டதும் முடிச்சு நெகிழும்.

தலைசாமான் என்று நாம் சொல்வதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. நடுச்சரம் சுட்டி, முடியோரமாகக் காது வரை இறங்கும் இரு பக்கப் பட்டைகளும் பட்டத்தின் வேலையைச் செய்கின்றன. பக்கப் பட்டைகள் கண்ணை நோக்கி இறங்காமல் நடுச்சரம் மேலே பிடித்துக்கொள்கிறது. நடுப்பதக்கம் இடமும் வலமும் ஆடாமல் பக்கப் பட்டைகள் இழுத்து வைத்துக்கொள்கின்றன. ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் கெடும். வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியின் பாதியில் பதக்கம் புருவத்தின் மேல் ஏறி நின்றால் எல்லோரும் பதக்கத்தைத்தான் குறை சொல்வார்கள். கோளாறு அநேகமாகப் பின்னால் இருக்கும் கயிற்றில்.

நேர் வகிடு எடுப்பதில் தொடங்க வேண்டும். மூக்கின் நுனியிலிருந்து உச்சிக்கு ஒரு கோடு மனதில் போட்டு, சீப்பின் வால்நுனியால் ஒரே இழுப்பில் பிரித்தால் வகிடு நேராக வரும். அன்றைக்கே ஷாம்பு போட்ட முடி வழுக்கும். முந்தின நாள் குளித்த முடியில் பின் நன்றாகப் பிடிக்கும். வகிட்டின் இருபுறமும் இறுக்கி வாரிய பிறகு சுட்டியை வைத்து முதலில் பதக்கத்தின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். பதக்கத்தின் கீழ் நுனிக்கும் நெற்றியில் வைக்கும் பொட்டுக்கும் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். பிறகு உச்சியில் இருக்கும் கடைசி வளையத்துக்கு இரண்டு ஹேர்பின்களைக் குறுக்காகக் குத்தி, நடுவில் இரண்டு துண்டுக்கு ஒரு பின் வீதம் வளையத்தோடு சேர்த்துக் குத்த வேண்டும். உச்சியில் மட்டும் குத்திவிட்டு நிறுத்தினால், குனிந்து நமஸ்காரம் செய்யும்போது சரம் முழுதும் வகிட்டை விட்டுத் தொங்கும். பதக்கத்தின் பின்பக்கம் சின்னதாக இரட்டைப்பக்க டேப் ஒட்டுவது உதவும். ஆனால் டேப்பை நம்பிப் பின்னைக் குறைக்கக் கூடாது, வியர்வையில் முதலில் விடுவது டேப்தான்.

பக்கப் பட்டைகளின் கயிறு காதின் மேல் விழாமல், காதுக்குச் சற்று மேலாகப் போக வேண்டும். பின்மண்டையில் கை வைத்துப் பார்த்தால் ஒரு புடைப்பு தெரியும்; முடிச்சு அதற்குக் கீழே விழ வேண்டும். மேலே போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கயிறு உச்சியை நோக்கி நழுவும். அதைத் தடுக்க இன்னும் இறுக்குவார்கள், அரை மணியில் தலைவலி வரும். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு இடம் இருப்பதே சரியான இறுக்கம்.

வகிட்டின் இருபுறமும் வைக்கும் நகைகளில் சூரியப் பிறை அணிபவரின் வலப்பக்கம், சந்திரப் பிறை இடப்பக்கம். எதிரே நின்று வைப்பதால் மாறிப்போவது சாதாரணமாக நடக்கும். அவர் பின்னால் நின்றுகொண்டு வைத்தால் குழப்பம் வராது. பின்னந்தலையில் வைக்கும் வட்ட நகையான ராக்கொடியும் பூவும் வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை: கழுத்து அசைவுகளில் பிரகம்பிதத்தையும் பரிவர்த்திதத்தையும் நாலைந்து தடவை செய்யச் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் போகும் முதல் அசைவு நடுச்சரத்தின் பிடியைக் காட்டிவிடும். பக்கவாட்டில் போகும் இரண்டாவது, கயிற்றைக் காட்டிவிடும்.

கல்யாண வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. முன்முடியைத் தூக்கிப் பஃப் வைத்த தலையில் வகிடே இல்லை. நீளமான சுட்டி அதில் படுக்காது, பாலம் போல எழும்பி நிற்கும். அப்படிப்பட்ட சிகைக்கு மெல்லிய பட்டமோ, சங்கிலியில் தொங்கும் சின்னப் பதக்கமோ போதும். வடக்கிலிருந்து வந்த மாத்தாபட்டியின் பெயரில் பட்டி இருக்கிறது, பார்வைக்கும் பட்டம்தான். ஆனால் பெரும்பாலும் பின்னால் முடிச்சு கிடையாது. பக்கச் சங்கிலிகளின் கொக்கியை முடியிலேயே மாட்டுகிறார்கள். அதற்குச் சுட்டிக்குச் செய்வது போலத் தலையைத் தயார் செய்ய வேண்டும்.

தாய்மாமன் கட்டும் பட்டம் தனிக்கதை. மெல்லிய பொன் தகட்டில் நூல் கோத்து நெற்றியில் கட்டுகிற இந்தச் சடங்கு எப்போது என்று அலங்காரம் தொடங்கும் முன்பே வீட்டாரிடம் கேட்டுவிட வேண்டும். சுட்டிப் பதக்கம் இருக்கும் இடத்தில்தான் தகடும் வரும். பதக்கத்தை ஒரு துண்டு அளவு மேலே ஏற்றி வைத்தால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். மாமனுக்கு நாம் முடிச்சு சொல்லிக்கொடுக்க முடியாது. அவர் கட்டிவிட்டுப் போனபின் பின்னால் ஒரு பின் குத்திவிடுவதே நடைமுறை. மணமக்களின் நெற்றியில் பாசிகம் என்ற கல்யாணப் பட்டையைக் கட்டும் வீடுகளிலும் இதே ஏற்பாடுதான்.

பராமரிப்பில் இரண்டுக்கும் பொதுவான எதிரி தண்ணீர். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் பழைய முறைக் கோயில் நகையில் வெள்ளி அடித்தகட்டின் மேல் அரக்கு நிரப்பி, கெம்பைப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்கரேக்கு என்ற மெல்லிய பொன்தாளை அழுத்தியிருப்பார்கள். ஈரம் உள்ளே போனால் கல்லின் பின்புறம் கறுத்து, சிவப்பு மங்கிவிடும். அதை வெளியிலிருந்து துடைத்துச் சரிசெய்ய வழியில்லை. கழற்றியதும் உலர்ந்த மல் துணியால் வியர்வையை ஒற்றி எடுத்து, காற்றில் சற்று வைத்துவிட்டுப் பஞ்சில் பொதிய வேண்டும். ஹேர் ஸ்பிரே, சென்ட் எல்லாம் நகை வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கழற்றும்போது முதலில் கயிறு, அடுத்து பின்கள், கடைசியில்தான் நகை. பின்னை எடுக்காமல் இழுத்தால் வளையம் வாய் திறந்துவிடும், அடுத்த நிகழ்ச்சியில் அந்தத் துண்டு மேடையில் விழும்.

வாடகைக்கு எடுத்ததைத் திருப்பும்போது முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கயிற்றைக் கத்தரித்து அனுப்புகிறவர்கள் உண்டு. பட்டத்தின் காது குண்டூசி முனையளவுதான் இருக்கும். உள்ளே சிக்கிய பழைய இழைகளைக் கிளறி எடுத்துப் புதுக் கயிறு கோக்க அரைமணி நேரம் போய்விடும்.