மொழுக்குன்னு சுவரு, மீன் குஞ்சு எங்க போய் ஒளியும்?

போன சனிக்கிழமை மச்சானோட நம்ம சிங்கப்பூர் கெப்பல் பே பக்கம் நடக்கப் போனேன். படகு நிறுத்துற எடத்துல எட்டிப் பாத்தா, தண்ணிக்குள்ள மிதவை ஓரமா பவளம் ஒட்டி வளந்திருக்கு, அதுக்கு நடுவுல நகம் சைஸுல குஞ்சு மீனுங்க கூட்டமா சுத்துது. மில்லியன் வெள்ளி படகு வாடகை கட்டி நிக்குற எடத்துல இதுங்க ஓசியில குடித்தனம்!

"மீன் குஞ்சுக்கு நீந்தக் கத்துக் குடுக்கணுமா, அதுவா பொழச்சுக்கும்" அப்படின்னான் மச்சான். நீந்தத் தெரியும்டா, பெரிய மீன் தொரத்துனா ஒளிய எடம் வேணாமா?

நம்ம ஊரு கடலோரத்துல பாதிக்கு மேல இப்ப செயற்கைக் கரைதான். நெலப்பரப்பு 580 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 730-க்கு மேல போனப்ப சேறு, கடற்புல், சதுப்புநிலக் காடு எல்லாத்தையும் மண்ணு போட்டு மூடிட்டோம். செங்காங்ல பாக்காவ்னு எல்ஆர்டி ஸ்டேஷன் இருக்குல்ல, அது சதுப்பு மரத்தோட மலாய் பேருதான், நான் ரொம்ப நாளா ஏதோ பழைய கிராமத்துப் பேருன்னு நெனச்சிட்டு இருந்தேன். அந்த மரத்தோட வேரு குடைக்கம்பி மாதிரி தண்ணிக்குள்ள எறங்கி நிக்கும், கொடுவா, களவா மீன் குஞ்செல்லாம் அந்த இடுக்குல பூந்துக்கும், பெரிய மீனு உள்ள வர முடியாது. அந்த எடத்துல நேரா ஒரு காங்கிரீட் சுவத்த எழுப்பினா இடுக்கும் கெடையாது நெழலும் கெடையாது.

சுவத்த இடிக்க முடியாது, சரி. ஆனா சுவத்துலயே குழி, பள்ளம், பொந்து வெக்கலாம்ல? என்யூஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) ஆளுங்க மேடு பள்ளமா காங்கிரீட் ஓடு செஞ்சு தீவுப் பக்கம் கடல் சுவத்துல பதிச்சு பாத்தாங்க, வெறும் சுவத்த விட அதுல அதிக வகை உயிருங்க வந்து ஒட்டுச்சு. அமெரிக்காவுல சியாட்டில்ல இன்னும் ஒரு படி மேல, 2017-ல முடிச்ச புது கடல் சுவத்துக்கு மேல இருக்குற நடைபாதையில கண்ணாடிக் கட்டி பதிச்சிருக்காங்க. சால்மன் குஞ்சு இருட்டுக்குள்ள போகத் தயங்கி ஆழத்துப் பக்கம் வெலகிடுமாம், அங்க போனா பெரிய மீனுக்கு சாப்பாடுதான், அதனால வெளிச்சம் கீழ எறங்கட்டும்னு. குஞ்சு மீனுக்காக மனுஷன் நடக்குற பாதைய மாத்துனாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

மிதவையில பவளம் வளர்றதுக்கும் காரணம் இருக்கு. பவளத்துக்கு வெளிச்சம் வேணும், ஆனா நம்ம தண்ணி கலங்கல், கொஞ்சம் ஆழம் போனாலே வெளிச்சம் கெடையாது. மிதவை அலையேத்தத்தோட ஏறி எறங்குறதால பவளம் எப்பவும் ஒரே ஆழத்துல, வெளிச்சத்துலயே இருக்கு.

நம்ம ஊருல 100,000 பவளம் நடுற திட்டம் 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க, நல்லதுதான், சந்தோஷம். ஆனா பவளம்னா போட்டோவுக்கு அழகா இருக்கும், நாலு பேரு வருவாங்க. கடற்புல்லும் சேறும் நாத்தமடிக்கும், செல்ஃபி எடுக்க யாரும் வரமாட்டாங்க, குஞ்சு மீனுக்கு அதுவும்தானே வேணும்? புலாவ் உபின் தீவுல பழைய இறால் குளத்துல சதுப்புநிலத்தத் திரும்பக் கொண்டுவர்ற வேலை நடக்குது, அதுல மரக்கன்ன வரிசையா நட்டு கைதட்டிட்டு வர்றதில்ல, சேறு எவ்ளோ உயரம், அலைத்தண்ணி எப்படி ஏறி எறங்குதுன்னு மொதல்ல சரி பண்ணிட்டா வெதை தானா வந்து முளைக்கும்ங்கற கணக்கு. பொறுமை வேணும் லா!

திரும்பி வர்றப்ப தூண்டில் போட்டுட்டு இருந்த சீன அங்கிள் ஒருத்தர் உள்ளங்கை அளவு களவாக் குஞ்ச புடிச்சாரு. என்ன பண்றாருன்னு பாத்தேன். கொக்கிய மெதுவா கழட்டி, தண்ணியில விட்டுட்டு, "டூ ஸ்மால்" அப்படின்னாரு. மச்சான் என்ன பாத்தான், நான் ஒண்ணும் சொல்லல.