கண் அழுத்தம் 24 என்றால் உடனே பயப்பட வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் சர்க்கரை அளவும் பிரஷர் அளவும் எல்லோருக்கும் மனப்பாடம், கண் அழுத்தத்தை மட்டும் யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. கும்பகோணத்தில் பெரியப்பாவுக்கு அது 24 என்று வந்ததும் வீடே கலங்கிவிட்டது, ஏனென்றால் வழக்கமான வரம்பு 10 முதல் 21 வரை. டாக்டர் பதறவில்லை. கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலம்) தடிமனைப் பார்க்க பேக்கிமெட்ரி எடுத்தார்: 610 மைக்ரான். கண் நரம்பும் சரியாக இருந்ததால் இப்போதைக்குச் சொட்டு மருந்து இல்லை.

விஷயம் என்னவென்றால், கண் அழுத்தம் பார்க்கும் கோல்ட்மன் டோனோமீட்டர் என்ற கருவி கண்ணுக்குள் போய் எதையும் அளப்பதில்லை. கருவிழியை 3.06 மில்லிமீட்டர் விட்டத்துக்குத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவை என்று பார்த்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது, அந்தக் கணக்கு கருவிழி சுமார் 520 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. தடித்திருந்தால் எண் ஏறித் தெரியும், மெலிந்திருந்தால் இறங்கித் தெரியும்.

எனக்குக் கவலை இரண்டாவது வகைதான். 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும். கண் அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த, 2002இல் வெளியான பெரிய ஆய்விலும் மெலிந்த கருவிழிக்காரர்களுக்கே க்ளாக்கோமா (கண் நரம்பைத் தேய்க்கும் நோய்) வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது.

அப்புறம், இத்தனை மைக்ரானுக்கு இத்தனை கழி என்று நெட்டில் கிடைக்கும் அட்டவணையை நம்பி நீங்களே கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொருவர் கருவிழியின் விறைப்பும் வேறு. கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் லேசர் சிகிச்சை கருவிழியை மெலிதாக்கிவிடும், அதைச் செய்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.