நகைக்கடன் அட்டையில் இல்லாத பெயர்கள்

பங்குனி முடியப்போகிறது என்றால் எங்கள் கிளையில் நகைக்கடன் கவுண்டர் முன்னால் நிற்க இடம் இருக்காது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நான் வேலைக்கு வந்த காலத்தில் இது 45 நாளாக இருந்தது. 2017-இல் இருந்துதான் 61. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக வைத்த தடை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கும், கல்லூரிச் சேர்க்கை வரும், படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வருமானம் நின்றுபோன நேரத்தில் எல்லாச் செலவும் வாசலில் வந்து நிற்கும். அப்போது கைகொடுப்பது வீட்டுப் பெண்களின் கழுத்தும் காதும்தான்.

பாம்பன் தீவில் ஒரு வங்கிக் கிளையில் 19 வருடம் எழுத்தராக இருந்தேன். அதில் பெரும்பகுதி நகைக்கடன் கவுண்டரில் போனது. பக்கத்தில் எங்கள் நகை மதிப்பீட்டாளர், பரம்பரைப் பத்தர். நகையை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்து, கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்து நிகர எடையைச் சொல்வார். நான் அன்றைய விலையைப் போட்டு, முக்கால் பங்குக்கு மேல் போகாமல் தொகையை எழுதுவேன். விண்ணப்பத்தில் 'கடன் வாங்கும் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோருக்கும் 'வீட்டுச் செலவு' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அந்தக் கட்டத்தைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது 2012 மே மாதம் ஒரு மத்தியானத்தில்.

வந்தவர் கடலில் பாசி எடுக்கும் ஒரு அக்கா. தீவுகளை ஒட்டிய பாறைகளில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சுப் பிடித்து முங்கிப் பாசி பிடுங்குகிற வேலை. காதில் இருந்த தோட்டைக் கவுண்டரிலேயே கழற்றி வைத்தார். கழற்றிய கையோடு முந்தானை முடிச்சில் இருந்து இரண்டு வேப்பங்குச்சிகளை எடுத்து, துளை தூர்ந்துவிடாமல் இருக்கக் காதில் சொருகிக்கொண்டார். தயாராகத்தான் வந்திருக்கிறார். நிகர எடை 7.2 கிராம். கையெழுத்துத் தெரியாது என்றார். கட்டைவிரலில் மை தடவி அழுத்தினால் ஒரு கறுப்புத் திட்டுதான் விழுந்தது, ரேகை இல்லை. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினோம், அப்படியேதான். பாறையில் தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட விரல். மூன்றாவது தடவையில் ஓரத்தில் நாலு கோடு தெரிந்தது, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

வழக்கம்போல 'வீட்டுச் செலவு' என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். "எனக்கு இல்ல சார். அடுத்த வீட்டுப் புள்ளைக்கு. அப்பன் கடலுக்குப் போயி வரல. கீழக்கரைல பாலிடெக்னிக்ல எடம் கெடச்சிருக்கு. அவ ஆத்தாகிட்ட அடகு வைக்க ஒண்ணும் இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, கடன் உங்க பேர்ல. அவங்க கட்டலைன்னா ஏலத்துக்குப் போறது உங்க தோடு. யோசிச்சுக்கங்க" என்றேன். என் கடமை அது. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "தோடு இல்லாட்டி நான் என்ன கொறஞ்சா போயிருவேன்? இந்த வருசம் விட்டா அவ பாசிக்கு வந்துருவா சார். அப்புறம் படிக்க மாட்டா" என்றார். 14,000 ரூபாயை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தபோது மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. நகைக்கடன் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும், நகை யாருடையதோ அவர் பெயர். பணம் யார் கைக்குப் போனது என்று எழுத அதில் இடமே கிடையாது. அதற்குப் பிறகு கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். மாமியார் சங்கிலி மருமகளின் பிரசவத்துக்கு வந்தது. ஒரு முஸ்லிம் அக்காவின், லாத்தா என்போம், வளையல், அவர் கணவரிடம் வேலை பார்த்த ஐஸ்கட்டை உடைக்கிற பையனின் ஆபரேஷனுக்கு வந்தது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகில் மாட்டிய ஆளின் வீட்டுக்கு, அதே படகில் போகாமல் தப்பித்த ஆளின் மனைவி தன் மோதிரத்தை வைத்து அரிசி வாங்கிப் போட்டார்.

இந்தத் தீவுக்கு இது புதிதல்ல. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர ஆயிரம் ரூபாய் போலத் தேவைப்பட்டபோது, அவருடைய அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததைக் கலாம் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தன் சம்பாத்தியத்தில் அதை மீட்டுக் கொடுப்பேன் என்று அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டாராம். பேய்க்கரும்பில் இருக்கும் அவர் நினைவிடத்துக்கு வருகிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வளையல்தான் ஞாபகம் வரும்.

பத்தருக்குப் பிடித்தது கீழக்கரை சீதக்காதி. தராசைத் துடைத்து வைக்கிற நேரத்தில் ஆரம்பித்துவிடுவார். செத்த பிறகும் கல்லறையில் இருந்து கை நீட்டிப் புலவனுக்கு மோதிரம் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அதைவிட, படிக்காசுப் புலவர் அவரைப் பாடியதாகச் சொல்கிற இன்னொரு பாட்டுதான் நெருக்கம். ஒரு தட்டில் பொன்னும் மறு தட்டில் நெல்லும் வைத்து ஈடாக விற்ற பஞ்ச காலத்திலும் அன்னதானத்தை நிறுத்தாதவர் என்று வரும். எதிரே தங்கத் தராசு இருக்கும்போது அதைக் கேட்டால் ஒரு சிலிர்ப்பு வரும். ஆனால் சீதக்காதி பெரிய வணிகர், அவரிடம் இருந்தது, கொடுத்தார். ஒரே ஒரு ஜோடித் தோட்டைக் கழற்றிக் கொடுப்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வருவதில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். திரும்பி வராத பணமும் உண்டு. நாத்தனாருக்காகச் சங்கிலியை வைத்த ஒருவர் நாலு வருடம் வட்டியைத் தானே கட்டிக் கட்டி, அதே நகையைப் புதுக் கடனாக மாற்றி வைத்தார். கடைசியில் ஏலத்தில்தான் போனது. அந்த இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சு இல்லை.

நான் கொடுத்து நான் கெடுத்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு நாட்டுப்படகு வைத்திருந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். படகும் பிடிபட்டுப் போய், மனைவியின் சங்கிலி தவணை தாண்டி, ஏல நோட்டீஸ் போய்விட்டது. வட்டியைக் கட்டினால் மாற்றி வைக்கலாம், 2,300 ரூபாய். அவரிடம் இல்லை. நான் என் சம்பளத்தில் இருந்து கட்டிவிட்டேன். அதோடு விட்டிருந்தால் சரி. அடுத்த நாள் அவர் வரிசையில் நின்றபோது, நல்ல சேதியை உடனே சொல்ல வேண்டும் என்ற வேகத்தில், "வட்டியை நானே கட்டிட்டேன் தம்பி, நீங்க கவலைப்படாம போங்க" என்று கவுண்டரில் இருந்தே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் கிளைக்குள் வரவில்லை. மனைவிதான் வருவார், அவர் எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டி நிற்பார். ஒரு நாள் மதியம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். நூறும் ஐம்பதுமாக, மீன்வாடை அடிக்கிற நோட்டுகள். எண்ணிக் கவுண்டரில் வைத்தார். 2,300. "எடுத்துக்கங்க சார். உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். அன்னைக்கு வரிசையில எனக்குப் பின்னால என் மச்சினன் நின்னான்" என்றார். அவ்வளவுதான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சங்கடம் மனதில் இருந்தபோதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்பில் கயிற்றைப் போட்டுப் பின்னால் சாய்ந்து சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் கடைசியில் ஒரு வயதான அப்பச்சி. இழுக்கிற தெம்பு அவருக்கு இல்லை. கயிற்றில் கை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் நகர நகர அவரும் மணலில் நகர்ந்தார். வலை கரைக்கு வந்து, சூடையும் காரலுமாகத் துள்ளிக்கொண்டிருந்ததைப் பிரித்தபோது, ஒருவர் இரண்டு கை மீனை அள்ளி அவர் ஓலைக்கொட்டானில் போட்டார். பெரியவர் "எனக்கு எதுக்குய்யா இம்புட்டு" என்றார். "நீயும்தான இழுத்த" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பெரியவர் கொட்டானை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். அவர் கொண்டுபோனது அவருடைய பங்கு.

அப்புறம் என் வேலையில் சிலதை மாற்றிக்கொண்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தவணை முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, நோட்டீஸ் போவதற்கு முன்னால், என் போனில் இருந்து கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். "வட்டியை மட்டும் கட்டி மாத்தி வச்சுக்கங்க, கையில் இருக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமா அசல்லயும் கட்டலாம்" என்று. அசலில் இருநூறு முந்நூறு கட்டினால் வங்கி வாங்காது என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். வெளியில் நூற்றுக்கு மூன்று ரூபாய் மாத வட்டிக்கு வைத்த நகையை மீட்டு இங்கே வைக்க முடியும் என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. அதை உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். உதவி என்று யாரும் கூசிப்போகத் தேவையில்லை, அது என் வேலை என்றே நினைத்துக்கொள்ளட்டும். படகுக்காரத் தம்பியும் பிறகு உள்ளே வர ஆரம்பித்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாள் வைத்திருந்தேன். கேட்டபோது, "அட விடுங்க சார்" என்று என் கையைப் பிடித்து அமுக்கினார்.

பாசி அக்காவின் தோடு மூன்று வருடம் பெட்டகத்தில் இருந்தது. முதல் இரண்டு வருடம் வட்டியை அவரே கட்டினார், பாசி விற்ற காசில். மூன்றாவது வருடம் அந்தப் பெண் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போனதும், அவள் தம்பி மாதாமாதம் வந்து ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று கட்டினான். கடைசித் தவணைக்கு அவளே வந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்து, "இதுல என் பேரு எங்கயும் இல்லையே சார்" என்றாள். இல்லை என்றேன். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறமும் அந்தத் தோடு சும்மா இருக்கவில்லை. எனக்குத் தெரிந்து இன்னும் நாலு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. ஒரு தடவை மீட்டுக்கொண்டு போக அந்த ஓசூர்ப் பெண்ணே பணம் அனுப்பியிருந்தாள், யாருக்காக வைத்தது என்று அவளுக்கும் தெரியாது.

2022-இல் நான் ஓய்வு பெறுகிற மாதம் அக்கா தோட்டை மீட்க வந்தார். பையைப் பிரித்து, எடை போட்டுக் காட்டி, கையில் கொடுத்தேன். காதில் இருந்த குச்சிகளை எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். வலது காதில் ஏறியது. இடது காதில் குச்சி எப்போதோ விழுந்திருக்கிறது, துளை தூர்ந்துபோயிருந்தது. பத்தர் எழுந்து வந்து, தேங்காய் எண்ணெய் தொட்டுப் பார்க்கலாம் என்றார். அக்கா இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, வலது காதில் போட்டதையும் கழற்றினார். உள்ளங்கையில் இரண்டையும் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இது இங்கனயே கெடக்கட்டும். ஒரு வீட்டுல பொம்பளப் புள்ளைக்கு பீஸ் கட்டணும்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. புது ஃபாரம் ஒண்ணு எடுங்க."

எடுத்தேன். பத்தர் மறுபடி தராசில் வைத்தார். மை தடவி, ஓரத்துக் கோடு விழுகிற மாதிரி அவர் விரலைச் சாய்த்து அழுத்தினேன். நோக்கம் என்ற கட்டத்தில் 'வீட்டுச் செலவு' என்று எழுதினேன்.