யாரைத் தடுக்க இந்த வேலி? தார்ப் பாலைவனத்தில் ஒரு குளிர்காலச் சுற்று

ராஜஸ்தானுக்குப் போகிறோம் என்று சொன்னதும் பாதிப் பேர் ரந்தம்போர் புலியைப் பற்றிக் கேட்டார்கள். மீதிப் பேர் ஜெய்சல்மேர் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி எவ்வளவு என்று கேட்டார்கள். எங்கள் திட்டத்தில் இரண்டுமே இல்லை. நானும் தங்கையும் கிளம்பியது ஜோத்பூர், பலோடி, பிகானேர், சூரு என்று தார்ப் பாலைவனத்தின் கிழக்குப் பக்கமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன இடங்களைப் பார்க்க. ஒரு உயிரியல் பூங்கா, கிராமத்தார் நடத்தும் மான் காப்பிடம், பறவைகளுக்குத் தானியம் கொட்டும் முற்றம், ஒட்டகப் பண்ணை, செத்த மாடுகளைக் கொண்டுபோய்ப் போடும் மைதானம், ஒரு புல்வெளி. டிசம்பர் கடைசி. பகலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம்; ராத்திரி எத்தனை கம்பளி போர்த்தினாலும் போதாது.

ஜோத்பூரில் மாச்சியா உயிரியல் பூங்கா கைலானா ஏரிக்குப் பக்கத்தில், பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. 2016இல் திறந்தார்கள். அதுவரை ஊருக்குள் உமைத் தோட்டத்தில்தான் மிருகக்காட்சிசாலை இருந்தது. மாச்சியாவில் அடைப்புகள் பாறைச் சரிவை ஒட்டியே அமைந்திருப்பதால் விலங்குகளுக்கு ஏற, இறங்க, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. அதனாலேயே வருகிறவர்களுக்குக் கோபமும் வருகிறது. "காசு கொடுத்து வந்தா சிங்கம் பாறைக்குப் பின்னால தூங்குது" என்று ஒரு குடும்பத் தலைவர் காவலரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், சிங்கம் தூங்க முடிகிற பூங்காதான் நல்ல பூங்கா.

பாலைவன நரியின் அடைப்புக்கு முன்னால் ஆளே இல்லை. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மெலிந்த உடம்பு, பெரிய காது, வால் நுனியில் வெள்ளை. சுவரோரம் வெயில் விழுந்த இடத்தில் சுருண்டு கிடந்தது எழுந்து, முன்காலை நீட்டிச் சோம்பல் முறித்தபோது பாதத்தின் அடிப்பக்கம் தெரிந்தது. விரல்களுக்கு இடையிலும் அடியிலும் மயிர் அடர்ந்திருந்தது. கோடையில் சுடுமணலில் நடக்கிற பிராணிக்கு அது செருப்பு. "அக்கா, நமக்கும் இப்படி இருந்தா கோயில்ல ஓட வேண்டாம்" என்றாள் தங்கை.

மறுநாள் ஊருக்கு வெளியே பிஷ்னோய் கிராமங்கள் பக்கம் போனோம். பிஷ்னோய்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். ஜாம்போஜி என்கிற குரு ஜம்பேஷ்வர் 1485இல் 29 நெறிகளோடு தொடங்கிய மரபு. பச்சை மரத்தை வெட்டக் கூடாது, உயிர்களிடம் இரக்கம் வேண்டும் என்பவை அந்த நெறிகளில் வருகின்றன. 1730இல் ஜோத்பூர் அரண்மனை வேலைக்காக வன்னி மரங்களை வெட்ட வந்த ஆட்களைத் தடுத்து, அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரைவிட்டதும், அவரோடு சேர்த்து 363 பேர் இறந்ததும் கேஜட்லி கிராமத்தில்தான். இன்று அங்கே நினைவுச் சின்னமும் வன்னித் தோப்பும் இருக்கின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். எனக்கு அதைவிட ஆர்வம், இன்று அந்த மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்.

ஒரு கிராமத்துக் கோயிலை ஒட்டி ஒரு முற்றம். சுற்றிலும் கம்பிவலை, உள்ளே வன்னி மர நிழல், தண்ணீர்த் தொட்டி, சிங்காரா மான்கள் பத்துப் பதினைந்து. ஒன்றுக்குப் பின்னங்கால் இல்லை. இன்னொன்றின் தொடையில் மஞ்சள் தடவிய காயம். பார்த்துக்கொள்ளும் பெரியவர், பால் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே எங்களுடன் பேசினார். குட்டி ஒன்று அவருடைய வேட்டியை முட்டி முட்டி, புட்டியைத் தேடியது.

"வேட்டைக்காரங்க சுட்டதா பாபா?" என்று எங்கள் ஓட்டுநரை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டார். துப்பாக்கிக் காலம் அநேகமாகப் போய்விட்டது, இப்போது வருவது எல்லாம் நாய் கடித்தது, வண்டி மோதியது, வயல்வேலி முள்கம்பியில் மாட்டியது. அதிலும் நாய்தான் முக்கால்வாசி என்றார். மழைக்காலத்தில் ஈர மணலில் மானின் குளம்பு புதையும், ஓட முடியாது, நாய்க்கூட்டம் சுற்றி வளைத்துவிடும். அப்புறம் அந்தக் கம்பிவலையைக் காட்டிச் சொன்னார்: "இது மான் வெளியே போகாம இருக்கப் போட்டதில்ல, தீதி. மான் நினைச்சா தாண்டிடும். நாய் உள்ள வராம இருக்கப் போட்டது."

அந்த வார்த்தைக்குப் பிறகு போன இடமெல்லாம் நான் முதலில் வேலியைத்தான் பார்த்தேன்.

கீச்சன், பலோடிக்கு அடுத்த கிராமம். குளிர்காலத்தில் மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கமிருந்து இமயமலையைக் கடந்து டெமாய்செல் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இங்கே வருகின்றன. ஊரில் குர்ஜா என்பார்கள். சாம்பல் உடம்பு, கருப்புக் கழுத்து, கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் குஞ்சம், சிவந்த கண். கிராமத்தின் ஓரத்தில் சுக்கா கர் என்று ஒரு பெரிய வெட்டவெளி முற்றம், தானிய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடைப் பணத்தில் மூட்டை மூட்டையாகச் சோளம் வாங்கி அங்கே பரப்புகிறார்கள். சமண வணிகக் குடும்பங்களுக்கு இதில் பெரிய பங்கு. அதைச் சுற்றியும் உயரமான கம்பிவலை. பறக்கிற பறவைக்கு வேலி எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். காலையில் வலைக்கு வெளியே படுத்திருந்த நாய்களைப் பார்த்தாலே புரியும்.

விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இடம் பிடித்தோம். வீட்டுக்காரம்மா டீ கொடுத்தார், காசு வாங்க மறுத்தார். முதலில் சத்தம்தான் வந்தது. தொலைவில் கரகரவென்று ஒரு இரைச்சல், பிறகு வானத்தில் கோடு கோடாக. வந்ததும் இறங்கிவிடவில்லை. முற்றத்துக்கு மேலே வட்டம் போட்டு, போட்டு, நாய் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று பார்த்து, முதலில் ஒரு சின்னக் கூட்டம் கால்களைத் தொங்கவிட்டு இறங்கியது. அவை நிம்மதியாகத் தலையைக் குனிந்த பிறகுதான் மற்றவை. அரை மணி நேரத்தில் தரை தெரியவில்லை. தங்கையிடம் ஏதோ சொன்னேன், அவளுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு இரைச்சல்.

தின்று முடித்து அவை ஊர்க்குளங்களுக்குப் போய்விடும். அங்கே கரையில் பொடிக்கற்களைப் பொறுக்கி விழுங்குவதைத் தெளிவாகப் பார்த்தோம். பல் இல்லாத பறவைக்கு இரைப்பையில் தானியம் அரைக்க அந்தக் கல் வேண்டும். 2025இல் கீச்சன், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒருகாலத்தில் ஊரைச் சுற்றிய மின்கம்பிகளில் அடிபட்டுக் கொக்குகள் செத்து விழுந்ததாம். ஊர்க்காரர்கள் விடாமல் போராடித்தான் அதைச் சரிசெய்யவைத்தார்கள்.

மின்கம்பி என்றதும் கானமயில் என்கிற, அழிவின் விளிம்பில் இருக்கும் பெரிய பறவையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பலோடியிலிருந்து மேற்கே போனால் ராம்தேவ்ராவில் அதற்கான இனப்பெருக்க மையம் ஒன்று, ஜெய்சல்மேர் பக்கம் சாமில் இன்னொன்று. சாம் மையம் 2019இல் தொடங்கியது. 2024இல் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பொரிந்தது. கனத்த உடம்பு, நேர் எதிரே இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாத கண், வழியெங்கும் சூரிய, காற்றாலைகளின் கம்பிகள். இருநூறுகூட மிஞ்சாத இனம் அது. சுற்றுலாப் பயணிகளை வேடிக்கை பார்க்க விடுகிற இடமல்ல அந்த மையங்கள். நாங்களும் அந்தப் பக்கம் திரும்பாமல் பிகானேர் போனோம்.

பிகானேரில் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம், 1984இல் தொடங்கியது. பிற்பகலில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். பிகானேரி, ஜெய்சல்மேரி, கச்சி, மேவாரி என்று வகைவாரியாகத் தொழுவங்கள். பிகானேரி உடம்பு கனமானது, புருவத்திலும் காதிலும் மயிர் அடர்ந்து இருக்கும். ஜெய்சல்மேரி ஒடிசலாக, கால் நீண்டு, ஓடுவதற்கென்றே செய்ததுபோல் நிற்கும். குளிர்காலம் ஆண் ஒட்டகத்துக்கு மதம் பிடிக்கிற பருவம். ஒரு பெரிய ஆண் எங்களுக்கு மிகப் பக்கத்தில் நின்று, தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் களகளவென்று சத்தம் போட்டு, வாயின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பையை வெளியே தள்ளியது. நாக்கு என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள். அது மேலண்ணத்தின் மென்சதை, காற்றால் உப்புகிறது. நுரை சொட்டச் சொட்ட அதைத் தொங்கவிட்டுவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. தங்கை அதற்குப் பிறகு ஒட்டகப் பால் குல்ஃபியைத் தொடவில்லை. நான் இரண்டையும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, லேசான உப்புக்கரிப்புடன்.

ஒட்டகம் ராஜஸ்தானில் குறைந்துகொண்டே வருகிறது. 2012 கணக்கெடுப்பில் 3.26 லட்சம், 2019இல் 2.13 லட்சம். டிராக்டர் வந்துவிட்டது, மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. 2014இல் மாநில விலங்காக அறிவித்து, 2015இல் வெட்டவும் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகவும் தடைச்சட்டம் போட்டார்கள். எங்கள் ஓட்டுநரின் அப்பா ஒட்டகம் வளர்த்தவர். வாங்க ஆள் இல்லாத மிருகத்தை யார் வளர்ப்பார்கள் என்பது அவருடைய கேள்வி. எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

மையத்துக்குப் பக்கத்திலேயே ஜோர்பீர். சுற்றுவட்டாரத்தில் செத்துப்போகும் மாடு, ஒட்டகத்தையெல்லாம் கொண்டுவந்து போடும் இடம். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாடை துணியில் ஏறி மறுநாளும் கூட வரும். ஆனால் இந்தச் சுற்றில் ஒரே ஒரு இடம்தான் பார்க்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அந்தப் பாறுகளில்தான் எத்தனை வகை: இமாலயப் பாறுகள், யூரேசியப் பாறுகள், ஆளுயரத்துக்கு நிற்கிறதோ என்று தோன்றவைக்கும் கரிய சினேரியஸ் பாறுகள், குட்டியான மஞ்சள்முகப் பாறுகள், தரையெங்கும் ஸ்டெப்பி கழுகுகள். ஒவ்வொரு கருவேல மரத்திலும் பத்துப் பறவைகள்.

புதிதாக ஒரு மாடு வந்து விழுந்தது. நாய்கள் முதலில் வந்தன. பாறுகள் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தபடி தள்ளி நின்றன. ஒன்று தத்தித் தத்திக் கிட்டே வந்தது, நாய் பாய்ந்ததும் பின்வாங்கியது. நாய்கள் வயிறு முட்டி நகர்ந்த பிறகுதான் மொத்தக் கூட்டமும் விழுந்தது. அப்போது கழுத்தை முழுதாக உள்ளே விட்டு இழுக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

பெரியவர் சொன்ன நாய்க் கதையின் தொடக்கம் எனக்கு இங்கேதான் கிடைத்தது. 1990களிலிருந்து இந்தியாவில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்து, அந்த இறைச்சியைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கவைத்தது. வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். அதற்குள், தின்ன ஆள் இல்லாத பிணங்கள் நாய்களுக்குப் போய்ச் சேர்ந்தன, நாய்கள் பெருகின. பெருகிய நாய் மானைத் துரத்துகிறது, மானுக்குக் கம்பிவலை போடுகிறார்கள். இங்கே குளிர்காலத்தில் கூடும் பாறுகளில் பெரும்பாலானவை வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள். அவை கிளம்பிப் போன பிறகு பிணமெல்லாம் நாய்களுக்குத்தான்.

சூரு மாவட்டத்தில் தால் சாப்பர் கடைசி. பிகானேர் மன்னர்கள் வேட்டையாடிய புல்வெளி, இப்போது 719 ஹெக்டேர் சரணாலயம். வெறும் சமவெளி. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் வரை தெரியும். இங்கே ஒருகாலத்தில் சீமைக் கருவேலம் மண்டியதாம். வேரோடு பிடுங்கிப் புல்லை மீட்டிருக்கிறார்கள். வெளிமான்கள் ஆயிரக்கணக்கில். கருத்த ஆண்கள் முறுக்குக் கொம்பைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு எல்லை நடக்கின்றன. சாயங்காலம் பூனைப்பருந்துகள் தாழப் பறந்து வந்து புல்லுக்குள்ளேயே அடைகின்றன. இங்கேயும் வேலி இருக்கிறது. அதில் நாய் நுழையும் ஓட்டைகளைத் தேடிக் கட்டுவது தன் தினசரி வேலைகளில் ஒன்று என்றார் வனக்காவலர்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜோத்பூரில் வண்டி பிடித்தால் பிகானேர் வரை வசதி. கீச்சனில் ராத்திரி தங்கினால்தான் விடியற்காலைக் காட்சி கிடைக்கும், இல்லாவிட்டால் பலோடியில் தங்கி இருட்டோடு கிளம்ப வேண்டும். ஜோர்பீருக்குப் பழைய உடுப்பு, தனியாக நடந்து போகாதீர்கள், நாய்கள் மனிதருக்கும் பயப்படுவதில்லை. தால் சாப்பர் அருகே மணல் வளைகளில் இருக்கும் சாண்டா எனும் முள்வால் பல்லியை நாங்கள் பார்க்கவில்லை, குளிரில் அது வெளியே வராது. அது வெயில் காய வரும் மார்ச்சில் கொக்குகள் கிளம்பிவிடும். இரண்டும் வேண்டும் என்கிறவர்கள் பிப்ரவரிக் கடைசி வாரத்தைப் பிடித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த வருடம் குளிர் சீக்கிரம் விட்டிருக்க வேண்டும்.