கிளைமாக்ஸ் எங்கடா?

பரணில் கிடந்த பழைய சிபியுவைக் கழற்றினால், உள்ளே டிவி ட்யூனர் கார்டு! 2007-ல் வாங்கியது. அப்போதெல்லாம் கேபிள் ஒயரைப் பின்னால் சொருகினால் மானிட்டரில் டிவி ஓடும். கார்டிலிருந்து சவுண்டு கார்டுக்கு ஒரு குட்டி ஒயர் போகணும், மறந்தால் ஊமைப்படம்தான்.

ஒரு ஞாயிறு, மத்தியானப் படத்தை ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டு எல்லோரும் கல்யாணத்துக்குப் போனோம். வந்து பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தோடு நின்றிருக்கிறது. கரண்டும் போகவில்லை. டிஸ்க்கை ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த புண்ணியவான் நான்தான். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. நான் வைத்திருந்த எம்பெக்-2 என்ற வீடியோ ஃபார்மேட் செட்டிங்கோ மணிக்கு இரண்டரை ஜிபிக்கு மேல் தின்னும்.

அம்மா பொறுமையாக உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாங்க: "விளம்பரமெல்லாம் முழுசா இருக்கு, கிளைமாக்ஸ் எங்கடா?"